முத்திரைகளும் மனுக்களும்: 1919இல் சிரிய மக்களின் கருத்தைக் கேட்ட கிங்-கிரேன் ஆணைக்குழு

சிரியாவின் எதிர்காலம் பற்றி மக்கள் கருத்தை அறிய அமெரிக்க அதிபர் வில்சன் அனுப்பிய கிங்-கிரேன் ஆணைக்குழு 1919 ஜூன் 10 அன்று பாலஸ்தீனத்தின் யாஃபாவில் இறங்கியது. ஜூலை 21 வரை 36 ஊர்களில் மக்களைச் சந்தித்து 1,863 மனுக்களைப் பெற்றது. அவற்றில் 80.4 விழுக்காடு பாலஸ்தீனமும் லெபனானும் உள்ளிட்ட ஒன்றுபட்ட சிரியாவையும் 73.5 விழுக்காடு முழு விடுதலையையும் கேட்டன, 72.3 விழுக்காடு பாலஸ்தீனத்தில் யூதர் தாயகம் அமைக்கும் சியோனிசத் திட்டத்தை எதிர்த்தன, 60.5 விழுக்காடு பிரெஞ்சு ஆட்சி வேண்டாம் என்றன. முஸ்லிம்களே பெரும்பான்மையினர் என்றாலும் கிறிஸ்தவர், துரூசியர் மனுக்களும் இக்கணக்கில் கலந்திருப்பதால், இதை முஸ்லிம் கருத்தின் தனி அளவீடாகக் கொள்ள முடியாது. ஆயினும் மேற்கு நாடுகளைப் பற்றி அப்பகுதி முஸ்லிம்கள் என்ன எண்ணினர் என்பதற்கு, இதைவிட விரிவான சான்று அந்த ஆண்டில் வேறில்லை என்பது என் துணிபு.

இச்சான்றின் மதிப்பை மிகக் கூர்மையாகக் கேள்விக்குள்ளாக்கியவர் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் கெல்வின். அரபு இளவரசர் ஃபைசலின் டமாஸ்கஸ் அரசும் அதைச் சார்ந்த அரபு மன்றம் போன்ற அமைப்புகளும் ஆணைக்குழுவின் காதுக்கென்றே ஒரு குரலைத் தயாரித்தன என்பது அவர் வாதம். படித்த தேசியவாதிகள் மேற்கத்தியருக்குப் புரியும் மொழியில் பேசினர். சாமானியரின் அரசியல் வேறொரு தடத்தில் மக்கள் குழுக்களாகத் திரண்டது என்கிறார். இரண்டாம் பகுதியை முழுமையாக ஏற்கிறேன். முதற்பகுதியிலிருந்து, மனுக்கள் மேட்டுக்குடியின் குரல் மட்டுமே என்ற முடிவுக்குப் போவதைத்தான் ஏற்க இயலவில்லை.

ஆணைக்குழுவின் அறிக்கையே தன் சான்றுகளின் ஓட்டைகளை மறைக்கவில்லை. பல மனுக்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. சிலவற்றில் பல பெயர்கள் ஒரே கையெழுத்தில் இருந்தன. பெய்ரூட்டின் புதிய ‘தொழிற்சங்கங்கள்’ மனுவில் பதித்த முத்திரைகளோ, குழு வருவதற்குச் சில நாள் முன்னர் ஒரே பிரசாரகர் செய்யச்சொல்லி வாங்கியவை. இந்த முத்திரைகள் கெல்வினுக்கு வலுச்சேர்ப்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால் திரட்டும் வேலை ஒரு தரப்போடு நிற்கவில்லை. லெபனானில் பிரெஞ்சு அதிகாரிகளும் தமக்குச் சாதகமான மனுக்களுக்காக அழுத்தம் கொடுத்தனர். திரட்டப்பட்டதாலேயே ஒரு கருத்து பொய்யாகிவிடும் என்றால், எந்தத் தேர்தல் முடிவும் தேறாது.

நான் அழுத்தம் தர விரும்புவது பாலஸ்தீன மனுக்களுக்கு. அங்கிருந்து வந்தவை 260. அவற்றில் 222, அதாவது 85.3 விழுக்காடு, சியோனிசத் திட்டத்தை எதிர்த்தன. அப்பகுதி மனுக்களில் வேறெந்தக் கோரிக்கைக்கும் இவ்வளவு ஆதரவு இல்லை. மொத்தக் கணக்கிலோ ஒன்றுபட்ட சிரியாதான் முதலிடம். எல்லா மனுக்களும் டமாஸ்கஸ் வார்ப்பில் வந்தவை என்றால், யாஃபாவிலும் எருசலேமிலும் இந்த வரிசை ஏன் மாறுகிறது? பாலஸ்தீனம் அப்போது ஃபைசலின் நிர்வாகத்தில் இல்லை, பிரிட்டிஷ் படையின் கையில் இருந்தது. சிரியப் பொதுக் காங்கிரஸ் தன் திட்டத்தை ஜூலை 2 அன்றுதான் நிறைவேற்றியது. குழு அதற்கு முன்பே பாலஸ்தீனத்தைச் சுற்றி முடித்திருந்தது. இதற்கு மறுப்பும் உண்டு: அரபு மன்றத்தின் கிளை எருசலேமிலும் இயங்கியது, மாதிரி வாசகங்கள் ஜூலைக்கு முன்பே கைமாறியிருக்கலாம். ஒரு மனு எழுதப்பட்ட நாளும் குழுவிடம் சேர்ந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனவே காலவரிசையை மட்டும் வைத்து நான் வாதத்தை முடிக்கவில்லை. கோரிக்கைகளுக்குத் தரப்பட்ட முக்கியத்துவம் பகுதிக்குப் பகுதி மாறுவதே என் முதன்மைச் சான்று.

ஜூலை 2 திட்டத்தையே எடுத்துக்கொண்டாலும், அது மேற்கை ஒட்டுமொத்தமாக வெறுத்த ஆவணமன்று. இப்பகுதிகளை வல்லரசுகளின் பொறுப்பாட்சியில் வைக்க வழிசெய்த சர்வதேச சங்க உடன்படிக்கையின் 22ஆம் பிரிவை அது கண்டித்தது. விடுதலை பெற்றபோது பல்கேரியரும் செர்பியரும் இருந்த நிலைக்கு அரபியர் தாழ்ந்தவரல்லர் என்றது. அதே மூச்சில், தொழில்நுட்ப, பொருளாதார உதவியை அமெரிக்காவிடம் கேட்டது, அதுவும் 20 ஆண்டுக்கு மிகாமல். அமெரிக்கா மறுத்தால் பிரிட்டன். பிரான்சு எக்காரணம் கொண்டும் வேண்டாம். யாரிடம் நிலம் பிடிக்கும் ஆசை தெரிந்ததோ அவரை விலக்கி, வில்சனின் பேச்சை நம்பி மற்றவரிடம் கை நீட்டினார்கள். நாட்டுக்கு நாடு, கொள்கைக்குக் கொள்கை எடைபோட்ட இந்தக் கருத்தை ‘மேற்கு எதிர்ப்பு’ என்ற ஒரு பெட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 28 அன்று அளிக்கப்பட்ட அறிக்கை 1922 டிசம்பரில்தான் அச்சேறியது. அதற்குள் 1920 ஏப்ரலில் சான் ரெமோ மாநாடு சிரியாவைப் பிரான்சுக்கும் பாலஸ்தீனத்தைப் பிரிட்டனுக்கும் ஒதுக்கிவிட்டது. அவ்வாண்டு ஜூலை 24 அன்று மைசலூனில் அரபுப் படை பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பின் மூண்ட கசப்பை 1919ஆம் ஆண்டு மனுக்களில் ஏற்றிப் படிப்பவர்கள், அம்மனுக்களில் அமெரிக்காவை நோக்கிச் சென்ற வேண்டுகோள்களை எங்கே வைப்பார்கள் என்று விளக்க வேண்டும்.