பெரிய சக்கரமும் கரையோர மணலும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் வரிசையாகப் படிப்பது ஒரு முறை. அந்நாட்டுப் பொதுமக்கள் எதன்மீது ஏறித் தங்கள் தொழிலுக்குச் சென்றார்கள் என்று பார்ப்பது மற்றொரு முறை. புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையை இந்த இரண்டாம் முறையில் நோக்கினால், தோணியும் கால்வாய்ப் படகும் மாட்டுவண்டியும் புகையிரதமும் வரிசையாக வருகின்றன. அவ்வரிசையில் மிக எளிய இடத்தைப் பெற்று, மிக நீண்ட காலம் உழைத்தது துவிச்சக்கரவண்டி. நாம் சைக்கிள் என்று அழைக்கும் அந்த வண்டியின் சக்கரம் ஏன் பெரிதாயிற்று, ஏன் சிறிதாயிற்று, மறுபடியும் ஏன் பெரிதாயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது வெறும் பழங்கதையன்று, நேயர்களே. இன்று சைக்கிள் கடைக்குச் செல்லும் இளைஞனின் கண், 29 அங்குலச் சக்கரமும் முன்புறத்தில் வில் பொருத்திய கவையும் கொண்ட மலைச் சைக்கிளின்மீதே முதலில் விழுகிறது. பின்புறத்தில் வில் இல்லாத இவ்வகையை ஹார்ட்டெயில் என்பார்கள். மலைச் சைக்கிள்களுள் விலை குறைந்தவை பெரும்பாலும் இவ்வகையினவே. மகன் வண்டியின் தோற்றத்தைப் பார்க்கிறான். தந்தை விலைச்சீட்டைப் பார்க்கிறார். இருவரும் பார்க்க மறப்பது, வண்டி ஓடப்போகும் பாதையை. சக்கரத்தின் வரலாறோ தொடக்கம் முதல் பாதையின் வரலாறாகவே இருந்து வந்திருக்கிறது.

1817 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, காலால் நிலத்தை உதைத்துச் செல்லும் மரவண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. 1860களில் பிரான்சு தேசத்தில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகள் பொருத்தப்பட்டன. மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையிட்ட அவ்வண்டி கல் பாவிய தெருக்களில் ஓடியபோது, ஏறியவரின் எலும்பையே உலுக்கிற்று என்பர்.

மிதி நேரே சக்கரத்தின் அச்சில் இருந்தமையால் ஒரு சிக்கல் எழுந்தது. கால் ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரு சுற்றே சுழலும். விரைந்து செல்ல விரும்பியவர் சக்கரத்தைப் பெரிதாக்குவதன்றி வேறு வழி காணவில்லை. 1870களில் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி போன்றோர் செய்த வண்டிகளின் முன்சக்கரம் வளர்ந்து வளர்ந்து ஆளின் நெஞ்சளவுக்கு உயர்ந்தது. அதற்கு எல்லை வகுத்தது ஓட்டுபவரின் கால் நீளம் ஒன்றே. தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 50 அங்குலச் சக்கரம் கொண்ட இத்தகைய வண்டியில் 1884 முதல் 1886 வரை உலகைச் சுற்றினார். வட இந்தியாவின் பெருஞ்சாலை வழியாகக் கல்கத்தா வரையும் வந்தார். ஆயினும் சிறு கல்லொன்று தடுத்தால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவது இவ்வண்டியின் இயல்பாயிருந்தது. உயிருக்கு அஞ்சாத இளைஞருக்கு அது விளையாட்டு. உழைப்பாளிக்கு அது வாகனமாகவில்லை.

அச்சிக்கலை அவிழ்த்தது சங்கிலி. 1885 ஆம் ஆண்டில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி, றோவர் என்னும் வண்டியை உருவாக்கினார். மிதியை நடுவில் வைத்து, பல்சக்கரமும் சங்கிலியும் கொண்டு பின்சக்கரத்தைச் சுழற்றினார். முன்பல்சக்கரத்தில் 46 பற்களும் பின்பல்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மிதிக்குப் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழலும். 28 அங்குலச் சக்கரம், பழைய உயரவண்டியின் 71 அங்குலச் சக்கரம் செய்த வேலையைச் செய்துவிடும். எனவே அந்நாள் முதல், வேகத்துக்காகச் சக்கரம் பெரிதாயிருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. இந்த உண்மையை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பெரிய சக்கரம் விரைவாக ஓடும் என்று இன்றும் கடை வாசலில் சொல்லப்படும் வார்த்தை, சங்கிலி இல்லாத காலத்தின் எச்சமேயாகும்.

அப்படியாயின் சக்கரம் முற்றிலும் சிறுத்துவிடவில்லையே, ஏன்? பாதைதான் காரணம். ஒரு குழியிலோ கல்லிலோ சிறிய சக்கரம் செங்குத்தாக மோதுகிறது; பெரிய சக்கரம் சாய்வாக ஏறிக் கடக்கிறது. மாட்டுவண்டியின் சக்கரத்தை ஆளுயரத்துக்குச் செய்த நம் தச்சர் இந்தக் கணக்கை ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்தனர்.

பாதையின் கடுமையைத் தணித்த மற்றொரு கண்டுபிடிப்பு 1888 இல் வந்தது. பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். காற்று டயர் பரவியதும் உலகில் இறப்பருக்குப் பெருந்தேவை எழுந்தது. அதற்குள் இலங்கையில் இறப்பர் மரம் வேரூன்றியிருந்தது. பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகள், 1876 இல் கம்பஹாவுக்கு அருகேயுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. சைக்கிளின் பயனை மட்டுமன்றி, அதன் இறப்பரையும் இத்தீவு உலகோடு பகிர்ந்துகொண்டது எனலாம்.

இனி நம் கரைக்கு வருவோம். தெற்கே சிலாபம், உடப்பு, முந்தல். வடக்கே புத்தளம் நகர். களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பம். அதன் முனையில் பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டை. நீர்கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கி ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் செல்கிறது. புகையிரதப் பாதை 1916 இல் சிலாபத்தையும் 1926 இல் புத்தளத்தையும் அடைந்தது. படகும் புகையிரதமும் பொருள்களை நகரத்துக்குக் கொண்டுசேர்த்தன. ஆனால் நிலையத்திலிருந்து வாடிக்கும், வாடியிலிருந்து உள்ளூர்ச் சந்தைக்கும், உப்பளத்திலிருந்து குடிசைக்கும் உள்ள அந்தச் சில மைல்களைக் கடப்பது எவ்வாறு?

அந்த இடைவெளியை நிரப்பியது 28 அங்குலச் சக்கரம் கொண்ட கரிய நிறச் சைக்கிள். நொட்டிங்ஹாம் நகரின் றலி, பேர்மிங்ஹாம் நகரின் ஹேர்க்கியூலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய பெயர்கள் கிராமங்களிலும் வீட்டுப் பெயர்களாயின. 1949 இல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் எழுந்த தொழிற்சாலை, தமிழ்நாட்டிலேயே ஹேர்க்கியூலிஸ் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. கனமான உருக்குச் சட்டம், கம்பியால் இழுக்கும் பிறேக், ஒரே பல்சக்கரம், பின்னால் உறுதியான காரியர் என்பவையே அவ்வண்டியின் இலக்கணம். பின் காரியரில் மரப்பெட்டியைக் கட்டி மீன் விற்கப் புறப்பட்டவர் அழகுக்காக அவ்வண்டியைத் தேர்ந்தவரல்லர். சுமையோடு குழியில் இறங்கினால் உடையாது என்பதும், பழுதானால் ஊரிலேயே திருத்தலாம் என்பதும் அவர் கண்ட தகுதிகள்.

மலைச் சைக்கிளின் கதை இதற்கு மாறான இடத்தில் தொடங்குகிறது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமால்பயிஸ் என்னும் மலையின் மண்பாதைகளில் சில இளைஞர் பழைய சைக்கிள்களை உருட்டி விளையாடினர். 1976 இல் அங்கே இறக்கப் போட்டிகளும் தொடங்கின. அவர்கள் கையில் கிடைத்தவை, ஷ்வின் நிறுவனம் 1933 இல் அறிமுகப்படுத்திய தடித்த டயர் வழிவந்த 26 அங்குல வண்டிகள். 1977 இல் ஜோ பிரீஸ் என்பவர் அவ்விளையாட்டுக்கென்றே புதுச் சட்டம் செய்தார். 1980களில் பெருந்தொகையான உற்பத்தி தொடங்கியது. பழைய வண்டிகளின் அளவே புது வண்டிக்கும் வாய்த்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் 26 அங்குலத்தையே மலைச் சைக்கிளின் இயற்கை அளவென்று கருதிற்று. 1990களின் இறுதியில் பெரிய ரிம்முக்கு ஏற்ற அகன்ற டயர் வெளிவந்த பின்னரே 29 அங்குலம் பரவலாயிற்று.

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படித்தால், அது ரிம்மில் அமரும் இடத்தின் விட்டம் மில்லிமீற்றரில் காணப்படும். புதிய 29 அங்குல வண்டியில் அது 622. நம் பாட்டனார் ஓட்டிய, ஒன்றரை அங்குல டயர் கொண்ட 28 அங்குல வண்டியிலோ அது 635. புதிய பெரிய சக்கரத்தின் ரிம் பழையதைவிட 13 மில்லிமீற்றர் சிறியது! டயர் அகன்று உயர்ந்திருப்பதால்தான் மொத்தச் சக்கரம் 29 அங்குலமாகிறது. ஆகவே பழைய வண்டியின் டயர் புதியதில் ஏறாது. வாங்குமுன் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய டயரும் டியூபும் புத்தளத்திலோ சிலாபத்திலோ கிடைக்கின்றனவா என்று விசாரிப்பது முதற்கடமை.

அகன்ற டயரே இக்கரையோருக்கு இப்புது வண்டி தரும் உண்மையான நன்மை. பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் பெருஞ்சாலை செவ்வையானது. அதைவிட்டு ஆலங்குடாப் பக்கமோ நுரைச்சோலைப் பக்கமோ தென்னந்தோப்புக்குள் திரும்பினால் மணல். இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள டயரில் காற்றைச் சிறிது குறைத்தால், அது மணலில் பரந்து நின்று, குறைவாகப் புதையும். ஆயினும் காய்ந்த நொய்ம்மணலில் இவ்வண்டியும் இறங்கித் தள்ள வேண்டியதே. வண்டி எல்லா மணலையும் வெல்லும் என்று சொல்பவர் மணலை அறியாதவர்.

முன்புற வில்லைப் பற்றி என்ன சொல்வது? 1989 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த றொக்‌ஷொக்ஸ் முன்கவை, மலையிறக்கத்தின் கடும் அதிர்ச்சிக்காகச் செய்யப்பட்டது. அதில் காற்றும் எண்ணெயும் கூடி அதிர்வை அடக்கின. விலை குறைந்த இக்கால வண்டிகளில் காணப்படுவதோ பெரும்பாலும் சுருள்வில் மட்டுமே. அது வண்டியின் எடையைக் கூட்டுகிறது. மிதிக்கும் வலிமையின் ஒரு பகுதியைத் தானே விழுங்குகிறது. மலையே இல்லாத நம் கரையில் அதற்கு வேலை குறைவு. அதன் வழவழப்பான குழாய்களின் மீது உப்புக் காற்றும் மணலும் படிந்தால், துரு ஏறி வில் இறுகிவிடும். டன்லப்பின் காற்று டயரே முதல் அதிர்வு தாங்கி என்பதை நினைவில் கொண்டால், விறைப்பான உருக்குக் கவையுடன் அகன்ற டயர் உள்ள வண்டி அதே விலைக்குக் கிடைக்கும்போது, அதைத் தேர்வதே அறிவுடைமை. கடையில் வில் வைத்த வண்டியே உள்ளதாயின், வில்லைப் பூட்டி வைக்கும் விசை உள்ளதைக் கேளுங்கள்.

காற்றையும் மறவாதீர்கள். மே மாதம் முதல் கற்பிட்டியில் வீசும் தென்மேற்குக் காற்று, பாய் பிடித்து அலைமேல் சறுக்கும் விளையாட்டினரை உலகெங்குமிருந்து இழுக்கிறது. அதே காற்று, எதிரே மிதித்துச் செல்லும் மாணவனுக்குச் செங்குத்தான மலையாகிறது. இங்கேதான் பல பல்சக்கரங்களின் பயன் விளங்குகிறது. முன்னும் பின்னும் பற்கள் சம எண்ணிக்கையாயுள்ள நிலையில் 29 அங்குலச் சக்கரம் 29 அங்குலமாகவே இயங்கும், மிதி இலேசாகும். ஆனால் இருபத்தொரு வேகம் என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டியதில்லை. முன்புறம் ஒன்றோ இரண்டோ, பின்புறம் ஏழோ எட்டோ போதும். உறுப்பு மிகுந்தால் துருப்பிடிக்கும் இடமும் மிகும்.

ஓட்டுபவரின் உயரம் அடுத்தது. வண்டியின் மேற்குழாய்க்கு மேலே இரு கால்களையும் நிலத்தில் ஊன்றி நின்றால், இடையில் இரண்டு அங்குலமேனும் இடைவெளி இருக்க வேண்டும். வளரும் பிள்ளைக்கு நாளைக்குப் பொருந்துமென்று மிகப் பெரிய சட்டத்தை வாங்குவது ஆபத்து. உயரம் குறைந்தவருக்கு 584 என்ற எண் கொண்ட இருபத்தேழரை அங்குலச் சக்கரமே இசைவானது. சுமை ஏற்ற எண்ணுபவர், பின்புறச் சட்டத்தில் காரியர் பூட்டும் துளைகள் உள்ளனவா என்று பார்க்கட்டும். பல மலைச் சைக்கிள்களில் அவை இருப்பதில்லை; பிறகு மீன்பெட்டியைக் கட்ட இடமிராது. கடலோரத்தில் ஓடிய வண்டியை நன்னீரால் கழுவி, உலர்த்தி, சங்கிலிக்கு எண்ணெயிடும் பழக்கம் எந்த உயர்ந்த விலைக்கும் மேலான காப்பு.

இவையெல்லாம் சிறிய செய்திகளென்று தோன்றலாம். 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. நாடெங்கும் மக்கள் சைக்கிளைத் தேடினர். அதன் விலையும் ஏறிற்று. மோட்டார் சைக்கிளால் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட பழைய வண்டிகள் துடைக்கப்பட்டு மறுபடியும் தெருவுக்கு வந்தன. அந்நாளில் நல்ல சைக்கிள் உடையவர் தொழிலுக்குப் போனார்; ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும் சைக்கிளுக்குக் கடன்பட்டவர் கடனோடு வீட்டில் இருந்தார். குறைந்த பணம் உள்ளவருக்கே தேர்வு முக்கியமானது. தவறினால் மறுமுறை வாங்க அவரிடம் பணம் இல்லை.

உயரவண்டி விரைவை நாடிற்று. மலைச் சைக்கிள் மலையை நாடிற்று. நம் கரையின் கரிய சைக்கிள் வயிற்றுப்பாட்டை நாடிற்று. மூன்றிலும் நெடுங்காலம் நிலைத்தது மூன்றாவதே. கடைக்குப் போகுமுன், நேயர்களே, உங்கள் வீட்டுப் படலையிலிருந்து நாள்தோறும் செல்லும் இடம் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எவ்வளவு மணல், எவ்வளவு தார், எந்தத் திசைக் காற்று, எவ்வளவு சுமை என்று கணக்கிடுங்கள். எந்தச் சக்கரம் வேண்டுமென்பதை அந்தப் பாதையே உங்களுக்குச் சொல்லும்.