தலைக்கு ஒரு விலை, தோலுக்கு ஒரு விலை

மீனவர் சொல்லும் மீனின் நீளத்தையும் வேட்டைக்காரர் சொல்லும் விலங்கின் எடையையும் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நாடறிந்த அனுபவம். வட அமெரிக்கக் காடுகளில் வாழும் 'பாப்கேட்' என்னும் குட்டைவால் காட்டுப்பூனையைப் பற்றியும் இத்தகைய கதைகளுக்குக் குறைவில்லை. ஆண் பூனையின் எடை சராசரியாக 9 அல்லது 10 கிலோ. பெண் பூனையின் சராசரி ஏறத்தாழ 7 கிலோ. குளிர் மிகுந்த வடபகுதிகளில் உடல் பெருத்து, சில 18 கிலோ வரை வளர்வதுண்டு. நம்பத்தக்க சான்றோடு பதிவான மிகப் பெரிய பூனை 22 கிலோ. 27 கிலோ என்று சொல்லப்படுவதும் உண்டு. அதற்குத் தராசுச் சான்று இல்லை.

நம் வீட்டுப் பூனையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பெரிய இவ்விலங்குக்குக் காது நுனியில் கருமயிர்க் குஞ்சம் உண்டு. கன்னங்களில் தாடிபோலப் படர்ந்த மயிர். ஒரு சாண் அளவே ஆன, வெட்டிவிட்டாற்போன்ற வால். வெண்மையான வயிற்றில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இந்த வெள்ளை வயிற்றை வாசக அன்பர்கள் நினைவில் கொள்க. அதன் தலையெழுத்தைப் பிற்காலத்தில் தீர்மானித்தது அதுவே.

கடந்த இரு நூற்றாண்டுகளில் மனிதர் இவ்விலங்குக்கு இரண்டு விலைகளைக் குறித்தனர். ஒன்று, அது இருக்கவே கூடாது என்பதற்காக அரசு கொடுத்த விலை. மற்றொன்று, அதன் தோல் வேண்டும் என்பதற்காகச் சந்தை கொடுத்த விலை. இவ்விரண்டையும் ஒரே இடத்தில் காண விரும்புவோர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் என்னும் சிறு மாநிலத்தை நோக்கலாம்.

ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர் காட்டைத் திருத்தி ஆடுமாடு வளர்க்கத் தொடங்கிய நாள் முதல், ஊனுண்ணும் விலங்கெல்லாம் அவர்களுக்குப் பகையாயிற்று. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1630ஆம் ஆண்டிலேயே ஓநாயின் தலைக்கு வெகுமதி அறிவிக்கப்பட்டது. நியூ ஹாம்ப்ஷயரில் குட்டைவால் பூனைக்கு வெகுமதி வந்தது 1809இல். அக்காலத்தில்தான் அம்மலைச் சரிவுகளெங்கும் மெரினோ செம்மறியாடு பெருகிக்கொண்டிருந்தது. பூனையைக் கொன்றவர் அடையாளத்தைக் காட்டிப் பணம் பெற்றுச் செல்லலாம். இந்த ஏற்பாடு 1973 வரை நீடித்தது என்றால் நம்ப முடிகிறதா? நூற்று அறுபத்து நான்கு ஆண்டுகள்! செம்மறியாட்டுச் செல்வம் தேய்ந்து, உழவர்கள் மேற்கே பெயர்ந்து, கைவிடப்பட்ட நிலங்களில் புதர் மண்டிய பின்னரும் வெகுமதி மட்டும் நின்றபாடில்லை. ஒரு சட்டத்தை இயற்றுவது எளிது. அது எதற்காக வந்தது என்பதை மறந்தபின் அதனை நீக்குவது கடினம்.

வியப்பு என்னவென்றால், அந்தப் புதர்கள் முயலைப் பெருக்கின. முயல் பூனையைப் பெருக்கியது. தலைக்கு விலை வைத்திருந்த காலத்திலேயே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பூனை மிகுதியாக வாழ்ந்தது. பின்னர்ப் புதர் மரமாகிக் காடு முதிரவே, முயலும் குறைந்தது, பூனையும் குறைந்தது. இதையெல்லாம் அறிஞர் எவ்வாறு அறிந்தனர்? வெகுமதிக் கணக்கேடுகளைக் கொண்டுதான். கொன்றதற்காக எழுதப்பட்ட கணக்கே, அது வாழ்ந்ததற்கும் சான்றாக எஞ்சியது.

வேட்டை முறை இரண்டு. பனி விழுந்த மறுநாள் காலடித் தடம் கண்டு வேட்டை நாய்களை ஏவுவது ஒன்று. பூனை மரமேறும், அல்லது பாறை இடுக்கில் புகும். அதன் பாதம் சிறியது. ஆழ்ந்த பனியில் புதையும். அதன் உறவினமான கனடா லின்க்ஸோ, அகன்ற பாதத்தால் பனிமேல் மிதப்பதுபோல் நடக்கும். மற்றொன்று பொறி வைப்பது. இக்கலையை அறிந்தவர் சொல்வது: நரி மூக்கால் வாழ்கிறது, இப்பூனை கண்ணால் வாழ்கிறது. ஆகவே பொறிகாரர் மரக்கிளையில் ஓர் இறகையோ மின்னும் தகட்டையோ நூலில் கட்டித் தொங்கவிடுவார். காற்றில் அது ஆட, பூனை பார்க்க வரும். வரும் வழியில் குறுக்கே ஒரு சிறு குச்சி கிடக்கும். பூனை குச்சியை மிதிக்காது. தாண்டி அப்பால் கால் வைக்கும். அந்த 'அப்பால்' எங்கே என்பதை அறிந்துதான் பொறி புதைக்கப்பட்டிருக்கும். ஒரு விலங்கின் நடையை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவரைக் கொடியவர் என்று எளிதில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆனால் பொறியில் சிக்கிய விலங்கு, பொறிகாரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். சில மாநிலங்களில் ஒரு நாளுக்குள் வந்து பார்க்கவேண்டும் என்பது சட்டம். வேறு சிலவற்றில் அக்கெடு மூன்று நான்கு நாள்கள் வரை நீண்டது.

அந்த இரும்புக் கால்பொறியின் வரலாற்றில் சமயமும் கலந்திருப்பது பலர் அறியாதது. நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா என்னுமிடத்தில் 1848இல் ஜான் ஹம்ப்ரி நோய்ஸ் என்பவர் ஒரு கூட்டுவாழ்வுக் குழுவை நிறுவினார். இம்மையிலேயே பாவமற்ற நிறைவை எய்தலாம் என்பது அவர்தம் போதனை. உடைமை யாவும் பொது. (அவர்களுடைய திருமணக் கொள்கையை இங்கே விவரித்தால் ஆசிரியர் நம்மைக் கடிந்துகொள்வார், விட்டுவிடுவோம்.) அக்குழுவில் சேர்ந்த சீவெல் நியூஹவுஸ் என்னும் கைவினைஞர், 1820களிலிருந்தே கையால் பொறி அடித்துப் புகழ்பெற்றவர். நிறைவை நாடிய அக்குழு, வயிற்றுப்பாட்டுக்கு அவருடைய பொறியை நாடியது. இயந்திரம் வைத்து இலட்சக்கணக்கில் செய்து விற்றனர். 1865இல் பொறி வைப்போருக்கு ஒரு வழிகாட்டி நூலையும் வெளியிட்டனர். கண்டத்தின் பெரும் பகுதியில் காட்டு விலங்குகளைக் கவ்விய பற்கள் அங்கிருந்து புறப்பட்டவையே. பிற்காலத்தில் ஒனைடா என்ற பெயர் உணவு மேசைக் கரண்டிகளுக்குப் புகழ்பெற்றது.

வெகுமதி மறைந்த அதே காலத்தில் மற்றொரு விலை தலைதூக்கியது. சிறுத்தை, ஜாகுவார், ஆசிலாட் முதலிய புள்ளிப் பூனைகளின் தோலாடை அணிவது மேலைநாட்டுச் செல்வர் வீட்டுப் பெண்டிரிடையே வழக்கமாயிருந்தது. அவ்வினங்கள் அழிவதைக் கண்டு அமெரிக்கா 1972இல் அவற்றைக் காப்புப் பட்டியலில் சேர்த்தது. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 1973இல் கையொப்பமாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல செயல்தான். ஆனால் ஆசை சட்டத்தால் அடங்கவில்லை. வேறு தோலைத் தேடியது. வெள்ளை வயிற்றில் புள்ளி கொண்ட குட்டைவால் பூனை கண்ணில் பட்டது. முன்பு சில டாலருக்கு விலைபோன தோல், பத்தாண்டு முடிவதற்குள் நூறு டாலரைக் கடந்தது. பெரிய ஆண் பூனையின் நீண்ட தோலுக்குத் தனி மதிப்பு. உறவினரைக் காத்த வேலி, வேலிக்கு வெளியே நின்ற இதன்மேல் சாய்ந்தது.

எனவே 1977இல் இதனையும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தனர். அதன்படி தோலை ஏற்றுமதி செய்வதற்குமுன், அதனால் இனத்துக்குக் கேடில்லை என்று அரசு உறுதி கூறவேண்டும். எதைக்கொண்டு கூறுவது? எத்தனை பூனைகள் உள்ளன என்றே எவருக்கும் தெரியாதே! விலங்கு நலக் காவலர்கள் வழக்குத் தொடுத்தனர். நம்பத்தக்க மதிப்பீடு இன்றி அனுமதி வழங்கலாகாது என்று 1981இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய எண்ணிக்கை கட்டாயமன்று என்று கூறிவிட்டது.

இதில் எப்பக்கம் நிற்பது? குடும்ப அட்டைகள் இருந்தும் பங்கு மக்களின் தொகையைச் சரியாகச் சொல்லத் திண்டாடும் நாம், இரவில் நடமாடி எவர் கண்ணிலும் படாத விலங்கை எண்ணித் தருமாறு கேட்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் எடுப்பவன் 'எவ்வளவு இருக்கிறது' என்று கேட்க வேண்டியதில்லை என்பதை நம் மனம் ஏற்கவில்லை. எண்ணுவது கடினம் என்பது ஒன்று. எண்ணாமலே எடுக்கலாம் என்பது வேறொன்று. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவியதே அத்திருத்தத்தின் குறை என்பது நம் கருத்து.

நேர்மையாகக் கூறின், அஞ்சியவாறு இனம் அழியவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 இலட்சம் என்று மதிப்பிடப்பட்ட தொகை, 2010இல் வெளிவந்த ஆய்வில் 23 முதல் 35 இலட்சம் எனக் கணிக்கப்பட்டது. மாநிலங்கள் பருவமும் அளவும் வகுத்ததும், ஒவ்வொரு தோலிலும் எண்ணிட்ட முத்திரை கட்டச் செய்ததும் பயன் தந்தன. வேட்டைக்காரர் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் செலுத்தும் வரி, 1937 முதல் காட்டுயிர் பேணலுக்கே செல்வதையும் மறைத்தல் ஆகாது.

நியூ ஹாம்ப்ஷயரில் மட்டும் நிலைமை கவலைக்கிடமாயிற்று. அங்கே நூற்றைம்பதுக்கு மேல் இராது என்று கருதி, 1989இல் வேட்டையையும் பொறியையும் அடியோடு நிறுத்தினர். கால் நூற்றாண்டில் பூனைகள் ஆயிரத்தை ஒட்டிப் பெருகின. உடனே, மீண்டும் தொடங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 2016 பிப்ரவரியில் மாநில ஆணையம் ஒரு வாக்கு வேறுபாட்டில் இசைந்து, குலுக்கல் முறையில் 50 உரிமங்கள் வழங்க முடிவு செய்தது. ஆயிரக்கணக்கானோர் எழுதிய கருத்துகளில் பெரும்பாலானவை எதிர்ப்பே. எனினும் அத்திட்டத்தைத் தடுத்து நிறுத்தியது அந்த எதிர்ப்பு மட்டுமன்று. காப்புப் பட்டியலிலுள்ள கனடா லின்க்ஸும் அக்காடுகளில் அவ்வப்போது நடமாடுகிறது. பொறிக்கு இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாது. இதைச் சுட்டிச் சட்டமன்றக் குழு மறுப்புத் தெரிவிக்கவே, ஏப்ரலில் ஆணையம் திட்டத்தைத் திரும்பப் பெற்றது.

மற்ற மாநிலங்கள் ஒரே வழியில் செல்லவில்லை. கலிபோர்னியாவில் ஒருவர் தம் நிலத்தில் அனுமதியின்றி வைக்கப்பட்ட பொறியைக் கண்டெடுத்ததில் தொடங்கிய கிளர்ச்சி, 2015இல் மாநிலம் முழுவதும் பொறிக்குத் தடை விதிப்பதில் முடிந்தது. இல்லினாய்ஸிலோ பல்லாண்டுக் காப்புக்குப்பின் 2016இல் வேட்டைப் பருவம் மீண்டும் திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் கொலராடோ மக்களிடம் வாக்குச்சீட்டிலேயே இக்கேள்வி வைக்கப்பட்டது. தடை வேண்டாம் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தனர்.

நியூ ஹாம்ப்ஷயரில் அந்த 50 உரிமங்களுக்குக் குறிக்கப்பட்டிருந்த கட்டணம், ஒன்றுக்கு 100 டாலர். அதே விலங்கைக் கொல்வதற்காக அதே மாநிலம் 164 ஆண்டுகள் தன் கையிலிருந்து பணம் கொடுத்துவந்தது.