புரட்டாசிப் பூக்கள் (வடகரை வட்டாரம்)

வடகரை, செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பூப்பவை. பழந்தமிழ்ப் பருவக் கணக்கில் புரட்டாசி கார்காலத்தின் பின்மாதம். ஐப்பசியில் கூதிர் பிறக்கிறது.

குளிர்நாடுகளில் இந்த மாதங்களின் பூக்களுக்குப் பகல் குறுகுவது பெரிய தூண்டுதல். ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் உள்ள வடகரையில் ஆண்டின் மிக நீண்ட பகலும் மிகக் குறுகிய பகலும் ஒரு மணி நேரமே வேறுபடுகின்றன. இங்கே மழைதான் கணக்கு. ஆரியங்காவுக் கணவாய் வழியே ஜூன் முதல் வரும் சாரல் ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்வரை ஈர மண்ணும் நல்ல வெயிலும் ஒருசேரக் கிடைக்கும். தோட்டம் செழிப்பது இந்த இடைவெளியில்.

இப்பருவத்தின் தலையாய பூ பவளமல்லி. அந்தியில் விரிந்து, இரவெல்லாம் மணந்து, விடியுமுன் உதிர்ந்துவிடும். தரையில் விழுந்த பூ பூசைக்கு ஆகாது என்னும் வழக்கம் இதற்குத் தளர்த்தப்பட்டிருக்கிறது. மரத்தடியில் துணி விரித்துச் சேகரிப்பார்கள். நவராத்திரிக்கு இங்கே இது கூடை நிறைய வேண்டும். அதே நாள்களில் வங்காளத்தில் துர்கா பூசைக்கும் இதுவே. மேற்கு வங்கத்தின் மாநிலப் பூவும் இது. ஆரஞ்சு நிறக் காம்பிலிருந்து பட்டுக்குச் சாயம் எடுத்தார்கள். அதன் நிறமி குங்குமப்பூவினுடையதற்கு உறவானது. மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் இலைக் கசாயம் நாட்டு மருத்துவத்தில் வழங்குகிறது. முற்றத்தில் ஒரே ஒரு பூமரத்துக்குத்தான் இடம் என்பவர் இதையே வைக்கலாம். விதையிலிருந்தும் போத்திலிருந்தும் வரும். வேரில் நீர் தேங்கக் கூடாது.

அந்திமந்தாரை மாலை நான்கு மணிவாக்கில் மலரும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. இதன் வரியிலை வகையைக் கொண்டே 1909இல் தாவரவியலாளர் கார்ல் காரென்ஸ், இலையின் பச்சை, வெள்ளை நிறங்கள் தாய்ச்செடி வழியாகவே இறங்குவதைக் காட்டினார். மிளகு போன்ற விதை விழுந்த இடத்திலேயே முளைக்கும். காசித்தும்பை ஒருபருவச் செடி. முற்றிய காய் தொட்டதும் வெடித்து விதையைச் சிதறும். செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ ஆண்டின் பெரும்பகுதியும் பூப்பவை.

வேலியில் தானாக ஏறிவருவது செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். பச்சை, மஞ்சள், சிவப்பு என இதழ் நாளுக்கு நாள் நிறம் மாறும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மருந்துக்கான விதைக்காக வயலில் பயிரிடுகிறார்கள். கொல்கிசின் இருப்பதால் கிழங்கு முதல் விதைவரை எல்லாம் கடும் நஞ்சு. குழந்தைகளும் ஆடுமாடும் நடமாடும் வீட்டில் வளர்க்கக் கூடாது.