எல்சி அம்மையார் கேட்ட கேள்வி

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது நம் முன்னோர் மொழி. இவ்விரண்டின் அருமையும் செய்து பார்த்தவர்க்கே விளங்கும் என்பது அதன் கருத்து. கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவது இவ்விரண்டினும் எளிது என்று சிலர் எண்ணலாம். அது எளிதன்று என்பதைக் காட்டும் ஒரு வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இது மன்னரைப் பற்றிய வரலாறன்று, போரைப் பற்றியதுமன்று. தன் குடும்பத்துக்கென்று முதன்முதலாக ஒரு வீடு வாங்கிய ஒரு பெண்மணியின் வரலாறு. நிகழ்ந்த இடம் இங்கிலாந்து. காலம் 1934 முதல் 1941 வரை.

சொந்த வீடு என்பது அந்நாட்டில் நெடுங்காலம் பொருள் படைத்தவர்க்கே உரியதாயிருந்தது. உழைப்பாளர் பெரும்பாலும் வாடகை வீட்டிலே பிறந்து, வாடகை வீட்டிலே முதிர்ந்தனர். இந்நிலையை மாற்ற எழுந்தவையே 'வீடுகட்டும் சங்கங்கள்'. 1775-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில் ரிச்சர்டு கெட்லி என்பவர் நடத்திய விடுதியொன்றில் அத்தகைய முதற் சங்கம் தோன்றியது. அதன் முறை நம் ஊர்ச் சீட்டுப் போன்றதே. உறுப்பினர் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துவர். சேர்ந்த பணத்தைக் கொண்டு ஒருவர் பின் ஒருவராக வீடு பெறுவர். எல்லோரும் வீடு பெற்றபின் சங்கம் கலைந்துவிடும். பின்னர், கலையாமல் நிலைத்து நின்று, பொதுமக்களிடம் சேமிப்பைப் பெற்று, வீடு வாங்குவோர்க்குக் கடன் தரும் நிலைச் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றின. 1836-லும் 1874-லும் இயற்றப்பட்ட சட்டங்கள் அவற்றுக்கு உருவும் ஒழுங்கும் அளித்தன. ஒருவரையொருவர் அறிந்த சிலர் கூடித் தொடங்கிய முயற்சி, ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரவரின் நிறுவனமாக வளர்ந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 40 லட்சம் வீடுகள் எழுந்தன. மின்சார இரயில் லண்டனிலிருந்து நாற்புறமும் நீண்டது. இரயில் சென்ற இடமெல்லாம் வயல்கள் மனைகளாயின. 1932-ஆம் ஆண்டில் இங்கிலாந்து வங்கி தன் வட்டி விகிதத்தை இரண்டு விழுக்காட்டுக்குக் குறைத்தது. கடன் மலிந்தது, கடன் மலியவே கட்டடம் பெருகியது. முன்புறம் சிறு தோட்டமும், பின்புறம் குழந்தைகள் ஓடியாட இடமும் உள்ள வீட்டின் படத்தைப் பத்திரிகைகளில் கண்ட நகரத்து மக்கள், கரி படிந்த தெருக்களை விட்டுப் புறநகர்களுக்குப் புறப்பட்டனர்.

அவ்வாறு புறப்பட்டவர்களுள் எல்சி பார்டர்ஸ் என்னும் அம்மையாரும் ஒருவர். அவர் கணவர் வாடகைக் கார் ஓட்டுநர். லண்டனுக்குத் தென்கிழக்கே, பத்து மைலுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், அந்நாளில் கெண்ட் மாவட்டத்தைச் சார்ந்திருந்த மேற்கு விக்கம் என்னும் ஊரையடுத்துக் கோனி ஹால் என்ற புதிய குடியிருப்பு எழுந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்வரை அது பண்ணை நிலம். அங்கே 1934-இல் அம்மையார் தம் பெயரில் ஒரு வீடு வாங்கினார். விலை ஏறத்தாழ 700 பவுன்.

இத்தொகையின் கனத்தை அறிய ஒரு சிறு கணக்குப் போடுவோம். வகுப்பறையில் ஆண்டுதோறும் வட்டிக் கணக்குப் போட்டவன் நான். அப்பழக்கம் இன்னும் விடவில்லை. அக்காலத்தில் உழைப்பாளி ஒருவரின் வாரக் கூலி மூன்று பவுன் அளவில் இருந்தது. அப்படியாயின் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 பவுன். உணவும் உடையும் நீக்காமல் முழுக் கூலியையும் சேர்த்து வைத்தாலும் 700 பவுன் சேர நாலரை ஆண்டுகளுக்கு மேலாகும். 650 பவுன் கடனை ஐந்து விழுக்காட்டு வட்டியில் இருபத்தோராண்டில் அடைப்பதானால், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரு பவுன் செலுத்த வேண்டும். அதாவது, கூலியில் மூன்றில் ஒரு பங்கு! முடிவில் செலுத்தியிருக்கும் மொத்தத் தொகையோ ஆயிரம் பவுனைத் தாண்டும். வாரக் கூலி பெறுவோர்க்கு இத்தகைய வீடு எத்துணைப் பெரிய செலவு என்பது இப்போது புலப்படுமன்றோ?

இனி, அக்கால வீட்டுக் கடனின் உட்பொறி ஒன்றைக் காண்போம். வீட்டின் மதிப்பில் ஐந்தில் நான்கு பங்கு வரை கடன் தருவதே சங்கங்களின் பழைய வழக்கம். 700 பவுன் வீட்டுக்கு 560 பவுன் கிடைக்கும். எஞ்சிய 140 பவுனை வாங்குபவர் முன்பணமாகத் தரவேண்டும். வாரக் கூலி பெறுபவர் அதற்கு எங்கே போவார்? ஆகவே கட்டடக்காரர்களும் சங்கங்களும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். கட்டடக்காரர் ஒரு தொகையைச் சங்கத்திடம் பொது வைப்பாகக் கட்டுவார். அந்த ஈட்டை நம்பிச் சங்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை கடன் தரும். 700 பவுன் வீட்டுக்கு 665 பவுன் கடன். முன்பணம் 35 பவுனே போதும். ஏழைக்கு வாயில் திறந்தது உண்மை. ஆனால் அதே வாயில் வழியே ஓர் இடரும் நுழைந்தது. கடன் கொடுப்பவர், விற்பவரின் பணத்தை ஈடாக வைத்திருக்கிறார். ஒரு கட்டடக்காரரிடமிருந்து நூற்றுக்கணக்கான கடன்கள் அவருக்கு வருகின்றன. அந்நிலையில் வீட்டின் தரத்தைக் கண்டிப்புடன் ஆராய்வதில் அவர்க்கு எவ்வளவு அக்கறை இருக்கும்?

வாங்குபவரோ வேறு விதமாக நினைத்தார். 'இவ்வளவு பெரிய சங்கம் 95 விழுக்காடு கடன் தருகிறதென்றால், வீடு உறுதியானதாகத்தானே இருக்கும்?' என்று அவர் நம்பினார். விற்பனைக்காக வெளியிடப்பட்ட சிற்றேடுகளும் இந்நம்பிக்கைக்கே நீர் வார்த்தன.

எல்சி அம்மையார் குடிபுகுந்து நெடுங்காலம் ஆகவில்லை. கூரை ஒழுகியது. சுவர்களில் ஈரம் ஏறியது. மின்கம்பி இணைப்புகள் பழுதுற்றிருந்தன. மரப் பகுதிகளைப் பூச்சி அரித்தது. முறையிட்டும் குறை முழுதும் தீரவில்லை. அக்கால ஆங்கிலச் சட்டமோ, 'வாங்குபவனே, விழித்திரு' என்ற பழைய நெறியைப் பற்றி நின்றது. கட்டி முடிந்த வீட்டை ஒருவர் வாங்கினால், விற்றவர் தனியாக உறுதிமொழி எழுதித் தந்தாலன்றி, குறைகள் யாவும் வாங்கினவர் தலைமேலேயே விழும்.

1937-இல் அம்மையார் தவணை செலுத்துவதை நிறுத்தினார். கடன் கொடுத்திருந்த 'பிராட்போர்டு மூன்றாம் ஈக்விட்டபிள்' என்னும் சங்கம், நிலுவையைக் காட்டி, வீட்டைத் தன்வசம் ஒப்படைக்கக் கோரி வழக்குத் தொடுத்தது. அம்மையார் அஞ்சி வெளியேறவில்லை, எதிர்க்கோரிக்கை தொடுத்தார். 'இவ்வீடு கடனுக்கு ஏற்ற ஈடு என்று நான் நம்புமாறு சங்கம் பொய்த்தோற்றம் காட்டியது. அதனால் எனக்கு நட்டம் விளைந்தது. கட்டடக்காரரோடு செய்துகொண்ட வைப்பு ஏற்பாடும் சட்டத்துக்குப் புறம்பானது' என்பது அவர் வாதம். இன்னொன்றும் சொன்னார்: 'நீங்கள் காட்டும் அடமானப் பத்திரம் நான் கையொப்பமிட்ட பத்திரமன்று.'

1938-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் உயர்நீதிமன்றத்தின் சான்சரிப் பிரிவில் விசாரணை தொடங்கியது. எதிரே தேர்ந்த வழக்கறிஞர்கள். அம்மையாரோ தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்தார். சட்டக் கல்லூரியின் வாயிலை மிதியாத அவர், நூல்களைத் தேடிப் படித்துத் தம்மைத் தயார் செய்துகொண்டார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வழக்குரைக்கும் போர்ஷியாவோடு பத்திரிகைகள் அவரை ஒப்பிட்டன. பல புறநகர்களில் அவரைப் போன்றே ஏமாந்தவர்கள் தாங்களும் தவணை செலுத்துவதை நிறுத்தினர்.

1939 பெப்ரவரியில் நீதிபதி பென்னட் தீர்ப்புரைத்தார். பத்திரம் அம்மையார் கையொப்பமிட்டதே என்பதைச் சங்கத்தால் மெய்ப்பிக்க முடியவில்லை. ஆகையால் வீட்டைக் கோரும் உரிமை அதற்கில்லை என்றார். ஆனால் அம்மையாரின் எதிர்க்கோரிக்கையையும் தள்ளிவிட்டார். அம்மையார் மேல்முறையீடு செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது; சங்கம் பொய்த்தோற்றம் காட்டியது உண்மையே என்று முடிவு செய்தது. சங்கம் விடவில்லை, அந்நாளில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாய் விளங்கிய பிரபுக்கள் சபைக்கு வழக்கைக் கொண்டு சென்றது. 1941-இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இறுதித் தீர்ப்பு வந்தது. சங்கம் வஞ்சனை செய்ததென்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று பிரபுக்கள் சபை கூறியது. எல்சி அம்மையார் அங்கே தோற்றார்.

அத்தீர்ப்பில் மாம் பிரபு கூறிய விளக்கம் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் பகுதியாகும். இவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் சாமர்செட் மாமின் தமையனார். ஒருவர் மீது வஞ்சனைக் குற்றம் நிற்க வேண்டுமானால் நான்கு கூறுகள் வேண்டும் என்றார் அவர். முதலாவது, சொல்லாலோ செயலாலோ ஒரு பொய்ச் செய்தி உணர்த்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, உணர்த்தியவர் அது பொய்யென்று அறிந்தோ, மெய்யா பொய்யா என்று கருதாமலோ உணர்த்தியிருக்க வேண்டும். மூன்றாவது, மற்றவர் அதை நம்பிச் செயற்பட வேண்டும் என்பது அவர் நோக்கமாயிருக்க வேண்டும். நான்காவது, மற்றவர் அவ்வாறே நம்பிச் செயற்பட்டு நட்டமடைந்திருக்க வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் வழக்கு நில்லாது.

'அப்படியானால் அம்மையாரின் முயற்சி வீண்தானே?' என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்பட வேண்டா. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1939-இல், பாராளுமன்றம் வீடுகட்டும் சங்கங்களைப் பற்றிப் புதிய சட்டம் இயற்றியது. கட்டடக்காரரிடம் பெறும் கூடுதல் ஈட்டுக்கு அது வரையறை விதித்தது. கடன் தருவதனால் மட்டும் வீட்டின் விலை நியாயமானதென்று சங்கம் உறுதி கூறியதாகாது என்பதை வாங்குபவருக்கு எழுத்தால் அறிவிக்கவும் வகை செய்தது. கவனியுங்கள்: பொறுப்பைச் சங்கம் ஏற்கவேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை, பொறுப்பு இல்லையென்பதை மறைக்காதே என்றுதான் சொன்னது. வாங்குபவரின் மனத்திலிருந்த மயக்கத்தை அது நீக்கியது. கூரையின் ஒழுக்கை நிறுத்தவில்லை. அதற்கு மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1972-இல் இயற்றப்பட்ட சட்டமே, வீடு கட்டுபவர் அதைக் குடியிருக்கத் தக்கதாகக் கட்டித்தரக் கடமைப்பட்டவர் என்று விதித்தது.

மாணவர்களே, இவ்வரலாற்றை நான் சொன்னது, தவணை கட்டாதீர்கள் என்று கற்பிக்கவன்று. பட்ட கடனை அடைப்பது அறம். அம்மையாரின் செயல் முற்றும் சரியானதா என்பதில் அறிஞர் இருவேறு கருத்துக் கொள்ளலாம். நான் சுட்ட விரும்புவது ஒன்றே. விடுதியில் கூடிய பழைய சங்கத்தில் கடன் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். அங்கே நம்பிக்கைக்கு முகம் இருந்தது. நிறுவனம் பெருத்தபோது முகம் மறைந்தது. நம்பிக்கை மட்டும் பழக்கத்தால் எஞ்சியது. 'கடன் கொடுத்தார், ஆகவே வீடு நல்லது' என்று மக்கள் எண்ணியது அந்தப் பழைய நம்பிக்கையின் நிழலே. கடன் கொடுப்பவர் பார்ப்பது தம் பணம் திரும்புமா என்பதை. குடியிருப்பவர் பார்க்க வேண்டியது சுவர் நிற்குமா என்பதை. இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை ஒரு நாடு முழுவதும் உணரும்படி செய்தது ஒரு பெண்மணியின் விடாப்பிடியான கேள்வி: 'இந்த வீட்டுக்கு யார் பொறுப்பு?'

கோனி ஹால் 1965 முதல் லண்டன் மாநகரின் பகுதியாக இருக்கிறது. நாளை உங்களுள் பலர் வீடு வாங்குவீர்கள். உங்கள் முன் பல பக்கப் பத்திரம் ஒன்று வைக்கப்படும். கையொப்பமிட வேண்டிய இடத்தை விரலால் சுட்டிக்காட்டுவார்கள். அப்போது விரலை மட்டும் பாராமல், அதற்கு மேலே எழுதியிருப்பதையும் வாசியுங்கள். வாசித்தபின், எல்சி அம்மையார் கேட்ட கேள்வியை நீங்களும் ஒருமுறை கேளுங்கள்.