சோயா மீட்டும், 2001இல் வராமலே போன ஒரு தடையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், சோயா மீட்டில பன்றிட ஜீன் இருக்காம். உம்மாக்கு வட்ஸ்அப்ல வந்திச்சு. உண்மையா?" இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

மூலெக் என்ற கம்பனி 2023இல் பன்றியின் புரதத்தை உண்டாக்கும் சோயாவை உருவாக்கியதாக அறிவித்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் அதைப் பயிரிடத் தடையில்லை என்றது. ஆகவே அந்தச் செய்திக்கு ஒரு வேர் இருக்கிறது. ஆனால் அந்த அனுமதி பயிரிடுவதற்கு மட்டும்தான். நம் கடைகளில் தொங்கும் பக்கெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சோயா மீட் இங்கே 2023க்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே லயத்திலும் டவுனிலும் கறிச்சட்டிக்கு வந்துவிட்டது.

அப்படியென்றால் பக்கெட்டுக்குள் இருப்பது என்ன? சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவுதான். இலங்கையில் விளையும் சோயா போதாது, இறக்குமதி செய்கிறார்கள். எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை. அமெரிக்கா, பிரேசில், ஆர்ஜன்டீனா என்றால் விளைவதில் பெரும்பகுதி மரபணு மாற்றியதுதான்.

இடையில் ஒரு விளக்கம். நம் தோட்டக்காரர்கள் டின்னில் வாங்கும் கோவா, கரட் விதையை "ஜீன் மாத்தின விதை" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. அது கலப்பின விதை, ஒரே இனத்தின் இரண்டு வகைகளை மகரந்தம் சேர்த்து எடுப்பது. மரபணு மாற்றம் என்பது வேறொரு உயிரின் மரபணுவை ஆய்வுகூடத்தில் பயிருக்குள் வைப்பது. 1996இல் அமெரிக்காவில் வயலுக்கு வந்த சோயாவில் வைத்தது ஒரு பக்டீரியாவின் மரபணு. எதற்காக? கிளைபோசேட் அடித்தால் புல் சாகும், சோயா சாகாது. அவ்வளவுதான்.

கிளைபோசேட் என்ற பெயர் உடப்புசல்லாவைக்குப் புதிதல்ல. முதுகில் டாங்கியைக் கட்டி மலையில் புல்லுக்கு மருந்தடித்தவர்கள் இதை வாசிப்பவர்களின் வீட்டிலேயே இருப்பார்கள். 2015 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், இது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று வகைப்படுத்தியது. அமெரிக்காவின் சுற்றாடல் நிறுவனம் அதை ஏற்கவில்லை. ரஜரட்டையின் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி இலங்கை அதே 2015இல் தடை செய்தது. பிறகு 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டது. அந்தச் சோயாவைப் பற்றி என் பயம் சாப்பிடுகிறவரை விட மருந்தடிக்கிறவரைப் பற்றியதுதான்.

சாப்பிடுகிறவருக்கு ஆபத்தே இல்லையா? இரண்டு சம்பவங்களைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிரேசில் கொட்டையின் ஒரு மரபணுவைச் சேர்த்துச் செய்த சோயா, கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பரிசோதனையில் தெரிந்து 1996இல் அந்த ஆய்வு வெளியானது. அது கடைக்கு வரவில்லை. மற்றது ஸ்டார்லிங்க் சோளம். கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்த அது, 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் மனிதர் சாப்பிடும் பண்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பண்டங்களைத் திருப்பி எடுத்தார்கள். தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முறையிட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது அந்தச் சோளத்தால்தான் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் தீவனம் எது, உணவு எது என்று பிரித்து வைக்க முடியாமல் போனது எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தக் காலத்தில்தான் நம் நாடு ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கியது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், மரபணு மாற்றிய உணவுகளின் இறக்குமதிக்குத் தடை. 2001 மே 1 முதல் அமுல். உலகத்தில் அப்படி முழுத்தடை போட முனைந்த நாடுகள் மிகக் குறைவு. அமெரிக்கா எதிர்த்தது. வர்த்தகப் பங்காளிகளுக்கு அவகாசம் வேண்டும் என்று விஷயம் உலக வர்த்தக அமைப்பு வரை போனது. செப்டெம்பர் 1க்குத் தள்ளினார்கள். செப்டெம்பரும் வந்தது, தடை வரவில்லை. காலவரையறையின்றி ஒத்திவைத்தார்கள். சின்ன நாடு, பெரிய சந்தை. வேறு என்ன சொல்ல?

தடை நல்லதாக இருந்திருக்குமா? உண்மையைச் சொன்னால் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நம் வாப்பாமார் உம்மாமார் எத்தனை பேர் இன்சுலின் போடுகிறார்கள்? முன்பு அது பன்றியின், மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. மனித மரபணுவைப் பக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பன்றி என்ற சங்கடம் இல்லாமல் ஊசி போடுகிறோம் என்றால் இதே தொழில்நுட்பத்தால்தான். சீஸும் அப்படித்தான். பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியத்தை, 1990இலிருந்து நுண்ணுயிரிலிருந்து எடுக்கிறார்கள். பங்களாதேஷில் 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்குப் பீட்டி கத்தரிக் கன்று கொடுத்தார்கள். கத்தரிக்காயைத் துளைக்கும் புழுவை அந்தச் செடியே கொல்லும், அதனால் அந்தப் புழுவுக்கு அடிக்கும் மருந்து குறையும். அதே கத்தரியை இந்தியா 2010 பெப்ரவரியில் நிறுத்திவைத்தது. ஒரே காய், பக்கத்துப் பக்கத்து நாடுகள், இரண்டு முடிவுகள்.

தடை போனாலும் கதை முடியவில்லை. 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, 2007இலிருந்து அமுல். பிரதம உணவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் மரபணு மாற்றிய உணவை இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. அனுமதித்தாலும், 0.5 வீதத்துக்கு மேல் இருந்தால் லேபலில் சொல்ல வேண்டும். தடையை விட இது நமக்கு நல்லது என்று நினைக்கிறேன். ஹலாலா என்று பார்ப்பவர், சைவம் சாப்பிடுபவர், கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் தாய் எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரு வரிதான். மூலெக் சோயா நாளை எந்த நாட்டு மாவில் கலந்து வந்தாலும், நம்மிடம் இருக்கும் வேலி இந்த 2006 விதிதான்.

ஆனால் வேலியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காலாவதித் திகதியை நம்ம பீ.எச்.ஐ. கடையில் நின்றே பார்க்கலாம். மரபணுவைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை திரும்பவும் கேட்டது: "அப்ப லேபல்ல எழுதாட்டி இல்லண்டுதானே சேர் அர்த்தம்?" சட்டப்படி அப்படித்தான் என்றேன். "சட்டப்படி" என்று அது திருப்பிச் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

2001இல் டவுனில் கடை வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால், அந்தத் தடை பற்றிக் கடிதமோ அறிவித்தலோ அப்போது வந்ததா என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.