எது முந்தி, எது பிந்தி?

கம்பளைக்காரருக்குப் பெரஹரா வழக்கு புதுசில்லை. அம்பகமுவ வீதிப் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்பதுதான் பிரச்சினை. 1912இல் அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. வலஹாகொட தேவாலயத் தரப்பு வழக்குப் போட்டது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு மே மாதக் கடைசியில் கண்டியில் கலவரம் வெடித்து, நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது.

இந்த வரிசை மாறினால் கதையே மாறிவிடும். போன மாதம் அதை நாங்களே மாற்றப் பார்த்தோம்.

பழைய ஆவணங்களின் ஸ்கேன்களை எழுத்தாக்க ஒரு சின்ன பைத்தன் ஸ்கிரிப்ட் எழுதினோம். அது முதலில் ஆண்டைத் தலைப்பாக அச்சிடும். பிறகு டெஸரக்ட் என்ற வெளி கொமாண்டைக் கூப்பிடும். அது பக்கத்தை வாசித்துத் தரும். திரையில் எல்லாம் ஒழுங்கா வந்திச்சு. ஃபைலுக்குத் திருப்பினதும் பக்கங்கள் எல்லாம் மேலே, ஆண்டுகள் எல்லாம் அடியில! கையால் வெட்டி ஒட்டினோம். 1914 தீர்ப்பு 1915க்குக் கீழே போய்விட்டது. அதாவது, கடைசியில் தேவாலயம் வென்றதாக! நல்ல வேளை, பதிவிடுமுன் ஒரு தோழி கண்டுபிடித்துவிட்டாள்.

இந்தக் கோளாறுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் கணினிகளில், ஒவ்வொரு சொல்லையும் உடனே எழுதச் சொல்லி இயங்குதளத்தைக் கூப்பிடுவது செலவான வேலை. பெல் ஆய்வுக்கூடத்தில் மைக் லெஸ்க் எழுதிய நூலகத்திலிருந்து வளர்ந்து, 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு வந்த 'ஸ்டாண்டர்ட் ஐ/ஓ', வெளியீட்டைப் பஃபரில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதியது. எங்கட பிரைவேட் பஸ் மாதிரித்தான்: ஆள் நிறையும்வரை ஸ்டாண்டை விட்டு எடுக்காது. எதிரே திரை இருந்தால் மட்டும் வரிக்கு வரி அனுப்புவது வழக்கமானது. பைத்தனும் அந்தப் பழக்கத்தையே தொடர்கிறது.

எங்கள் தலைப்புகள் பஸ்ஸிலேயே காத்திருந்தன. டெஸரக்ட் தனி ப்ரோசஸ், அதற்குத் தனி பஸ். பக்கம் முடிய முடிய அது புறப்பட்டுவிட்டது. எங்கள் பஸ் ஸ்கிரிப்ட் முடிந்த பிறகே கிளம்பியது.

தீர்வு சின்னது. வெளி கொமாண்டைக் கூப்பிடுமுன் பஃபரைக் காலி செய்ய வேண்டும்; பிரிண்ட்டுக்குள் 'ஃப்ளஷ் = ட்ரூ' போட்டால் போதும். இப்போது நாங்கள் இன்னொன்றும் செய்கிறோம்: ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபைல், பெயரிலேயே ஆண்டு. மேலே கீழே இருப்பதை வைத்து எது முந்தி என்று இனி ஊகிப்பதில்லை.