நோட்டா பிறந்த கதை

2009 மக்களவைத் தேர்தல் நாள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் அரசுப் பள்ளியில் வாக்குச்சாவடி. வரிசையில் நின்று உள்ளே வந்தவர் பூத் சிலிப்பை நீட்டுகிறார். பட்டியலில் அவர் பெயரைத் தேடி உரக்க வாசிக்கிறார்கள். பதிவேட்டில் கையெழுத்து, விரலில் மை. அடுத்து மிஷின் பக்கம் போக வேண்டியவர், அங்கேயே நிற்கிறார்.

"சார், நான் யாருக்கும் போடலை. 49 ஓ-ல எழுதிக்குங்க."

அறை சட்டென்று அடங்குகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள். "என்னண்ணே, நம்ம ஆளுக்குப் போடலையா?" என்று ஒருவர் கேட்டேவிடுகிறார். வாக்குச்சாவடி அலுவலர் படிவம் 17ஏ பதிவேட்டைத் திருப்பி, அவர் பெயருக்கு நேரே குறிப்பெழுதி, இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். பொழுது சாய்வதற்குள் சேதி தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

வாக்குப் போடுகிறவருக்கு ஓர் அட்டை மறைப்பு உண்டு. போட மாட்டேன் என்பவருக்கு அது கிடையாது. அந்த மறைப்பைக் கேட்டு நடந்த வழக்கில்தான் 'யாருக்கும் இல்லை' என்கிற நோட்டா பொத்தான் பிறந்தது.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இந்தச் சங்கடம் இருந்ததில்லை. யாரையும் பிடிக்காதவர் மறைப்புக்குள் போய், முத்திரை குத்தாமலே சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். எண்ணும்போது அது செல்லாத வாக்கு. ஆனால் யாருடைய சீட்டு என்று எவருக்கும் தெரியாது. மின்னணு இயந்திரம் வந்ததும் அந்த வழி அடைபட்டது. பொத்தானை அழுத்தினால் 'பீப்' என்று சத்தம் வரும். அழுத்தாமல் வந்தால் சத்தம் இல்லை. உள்ளே போனவர் என்ன செய்தார் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இயந்திரத்துக்காக 1992-இல் தேர்தல் நடத்தை விதிகளில் புதிய பகுதி சேர்த்தபோது வந்ததுதான் விதி 49-ஓ. மறுக்கலாம், ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு மறுக்க வேண்டும் என்றது அது. நம் மாநிலத்தில் இந்த விதிக்கு ஒரு தனி வாழ்வு கிடைத்தது. எழுத்தாளர் ஞாநி போன்றவர்கள் பத்திரிகையில் எழுதி அதைப் பரப்பினார்கள். பின்னாளில் கவுண்டமணி நடித்த ஒரு படத்துக்கே '49-ஓ' என்று பெயர் வைத்தார்கள்.

விதியில் ஓட்டை இருப்பதைத் தேர்தல் ஆணையமே உணர்ந்திருந்தது. 2001-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தது. அந்த டிசம்பரிலேயே, வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே மறுப்புக்கென்று ஒரு பொத்தான் வேண்டும் என்று ஆணையம் மத்திய அரசுக்கு எழுதியது. 2004-இல் மறுபடி எழுதியது. அரசு அசையவில்லை. அதே 2004-இல் பியூசிஎல் என்கிற மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

வாக்களிப்பது வெறும் சட்ட உரிமை, அடிப்படை உரிமை அல்ல. அதனால் வழக்கே செல்லாது என்றது மத்திய அரசு. 2009-இல் இரு நீதிபதிகள் அமர்வு வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. தீர்ப்பு வந்தது 2013 செப்டம்பர் 27 அன்று. ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய், ரஞ்சன் கோகோய் ஆகிய மூவர் அமர்வு அதை அளித்தது. யாருக்கு வாக்கு என்று முடிவெடுப்பது கருத்துரிமையின் பாற்பட்டது, யாருக்கும் இல்லை என்பதும் அப்படித்தான், இரண்டிலும் ரகசியம் காக்க வேண்டும் என்றார்கள். ரகசியத்தை மீறும் அளவில் 49-ஓ செல்லாது என்றானது. நாடாளுமன்ற வாக்குப் பலகையில் ஆதரவு, எதிர்ப்பு, வாக்களிக்கவில்லை என மூன்று பொத்தான்கள் இருப்பதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. உறுப்பினருக்கு உள்ள வசதி அவரை அனுப்பிய குடிமகனுக்கு ஏன் இல்லை என்று அந்த இடத்தைப் படிக்கும் யாருக்கும் கேட்கத் தோன்றும்.

தீர்ப்பின்படி, அந்த ஆண்டுக் கடைசியில் டெல்லி, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மிசோரம் தேர்தல்களில் நோட்டா வந்தது. தமிழ்நாட்டில் அதை முதலில் அழுத்தியவர்கள் 2013 டிசம்பர் 4 இடைத்தேர்தலில் வாக்களித்த ஏற்காட்டு மக்கள். 2014 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க ஏறத்தாழ 60 லட்சம் பேர் நோட்டாவை அழுத்தினார்கள். தொகுதிகளில் முதலிடம் நம் நீலகிரிக்கு: 46,559 வாக்குகள். கறுப்புப் பெருக்கல் குறி போட்ட வாக்குச்சீட்டு என்கிற சின்னம் 2015-இல் கிடைத்தது.

பேரும் சின்னமும் வந்தும் பலம் வரவில்லை. நோட்டா எத்தனை வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்று ஆணையம் 2013-லேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு கொடுத்தது மறைப்பை மட்டுமே.

பலம் கொடுக்கப் பார்த்தவை மாநிலங்கள். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அதற்கு அரசமைப்புச் சட்டத்திலேயே தனி அதிகாரம் உண்டு. புனே மாவட்டத்து மன்கர்வாடி ஊராட்சியில் பதிவான 330 வாக்குகளில் 204 நோட்டாவுக்கு விழுந்தன. ஊரே வேண்டாம் என்ற பிறகும் ஒருவர் வென்றதாக அறிவிப்பது எப்படிச் சரியாகும்? 2018 நவம்பரில் மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம், நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்று ஆணையிட்டது. அதே மாதம் ஹரியானா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே நோட்டா ஒரு கற்பனை வேட்பாளர். அதனிடம் தோற்றவர்கள் மறுதேர்தலில் நிற்கவே முடியாது. மறுதேர்தலிலும் நோட்டாவே முந்தினால், அடுத்து வந்தவர் வென்றவர் என்பது இரு மாநிலத்திலும் வரம்பு.

சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் இது பொருந்தாது. 2024-இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் விலகிக்கொள்ள, நோட்டா 2,18,674 வாக்குகளோடு இரண்டாம் இடம் பிடித்தது. சூரத்தில் ஒரே வேட்பாளர் மிஞ்சியதால் வாக்குப்பதிவே நடக்கவில்லை. அங்கே நோட்டாவை அழுத்தக்கூட யாருக்கும் வாய்ப்பில்லை. போட்டியின்றித் தேர்வு என்கிற சட்டப்பிரிவே சரியா என்ற வழக்கு அதன் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

நமக்கு இதில் ஒரு பாக்கி இருக்கிறது. 49 ஓ-வை ஊர்ப்பேச்சாக்கிய தமிழ்நாட்டில், 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா பொத்தான் இல்லை. சட்டமன்றத் தொகுதி பெரிது, அங்கே ஆள் கூட்டத்தில் கரைந்துவிடலாம். வார்டு அப்படியல்ல. நிற்பவர் எதிர்வீட்டுக்காரர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்ட் அவருடைய மைத்துனர். "யாரும் வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்வது எந்தத் தேர்தலைவிடவும் கடினம் இங்கேதான். அந்த அட்டை மறைப்பு முதலில் வர வேண்டிய இடத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்குள் அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.